உள்நாட்டு சுவிட்ச்

தப்பு என்னுடையதுதான். அந்த சுவிட்சை மாட்டியவன் நான். அதை நம்பியவனும் நான்.

போடியில் ரேடியோ ரிப்பேர் பார்ப்பதும் மைக்செட் வாடகைக்கு விடுவதும் என் பிழைப்பு. பெயர் சுருளிவேல். செவ்வாய்க்கிழமைதோறும் ஏலக்காய் விற்கிற கூடத்தில் எனக்குச் சோலி இருக்கும். தட்டில் மாதிரிக் காய் சுற்றி வரும். வியாபாரிகள் நசுக்கி, மோந்து, வாயில் போட்டு மென்று விலை கேட்பார்கள். அது மைக் வழியாக வெளியே புளியமரத்தில் கட்டிய ஸ்பீக்கர் குழாய்க்குப் போகும். காய் கொண்டுவந்த தோட்டத்து ஆட்கள் மரத்தடியில் நின்று கேட்பார்கள். ஒரு லாட் காய் விற்று முடிந்து அடுத்த லாட் வருவதற்குள் வியாபாரிகள் தங்களுக்குள் குசுகுசுப்பார்கள். அது மரத்தடிக்குப் போய்விடக் கூடாது. அந்த நேரத்தில் மைக்கை அணைத்து வைப்பது மட்டும்தான் என் உத்தியோகம். அதற்குத்தான் கூலி.

பழைய சீமை சுவிட்ச் கருகிப் போனது. வேறு சீமை சுவிட்ச் இறக்குமதிக்கு வழியில்லை. மதுரையில் ஓர் உள்நாட்டு சுவிட்ச் வாங்கி நானே மாட்டினேன். எழுபத்தாறாம் வருடம், ஐப்பசி. நாடு முழுக்க அவசரநிலை. பத்திரிகைகளே தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசாமல் இருந்த காலம். அப்போதுதான் நான் பேசினேன்.

லாட் முடிந்தது. சுவிட்சை அணைத்தேன். 'டிக்' என்று அழகாகச் சத்தம் கேட்டது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த வியாபாரி ஒருவர், "என்னப்பா, புது சுவிட்சா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். நான் ஆரம்பித்துவிட்டேன்.

"அத ஏண்ணே கேக்குறீக! நம்ம காய் கப்பலேறிப் போயி அரபுக்காரன் காப்பியில விழுந்து டாலரு கொண்டாருது. அந்த டாலர்ல எனக்கு ஒரு சுவிட்சு வாங்க விடமாட்டேங்குது கவர்மெண்டு. உள்நாட்டுலயே செய்றானாம். போட்டிக்கு ஆளில்லாம செய்றவன் எதுக்குண்ணே நல்லா செய்யணும்? டெலிபோனுக்கு எழுதிப்போட்டு ஏழு வருசமாச்சு. வர்ற வரைக்கும் நான் உசுரோட இருந்தா என் புண்ணியம். ரேடியோ வச்சிருந்தா லைசென்சு கட்டணும். அவுக புகழ அவுகளே பாடுறதக் கேக்க நான் காசு கட்டணுமா? நியாயமாப் பாத்தா அவுகதான் எனக்குக் கூலி தரணும்! நான் சொல்லலண்ணே, லைசென்சுல முத்திரை குத்துற நம்ம தபாலாபீசு திருப்பதியே சொல்றான்!"

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. என் சிரிப்பு மட்டும் புளியமரத்திலிருந்து திரும்பி வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மரத்தடியில் நூறு பேர் அண்ணாந்து குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுவிட்ச் அணைந்தபடிதான் இருந்தது. மைக்தான் அணையவில்லை. உள்நாட்டு உற்பத்தியைப் பற்றி நான் சொன்னதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ஆனால் சந்தோஷப்படுகிற நிலையில் நான் இல்லை.

ஏனென்றால் திருப்பதி அப்படி எதுவுமே சொல்லவில்லை. என்னிடம் ஒரு கெட்ட பழக்கம். கருத்தெல்லாம் என்னுடையதாக இருக்கும். அதைச் சொந்தப் பெயரில் சொல்லத் தைரியம் இருக்காது. யார் பெயரையாவது ஒட்டித்தான் வெளியே விடுவேன். தபாலாபீசுக்காரன் பெயரை ஒட்டினால் பேச்சுக்கு ஒரு கனம் வரும் என்று அன்றைக்குத் தோன்றியது.

திருப்பதி வாசலில் நின்றிருந்தான். வியாபாரிகளுக்குத் தந்தி கொண்டுவந்திருந்தான். அவனுக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. தை மாதம் ஆகிவிடும் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றும் பெண் பிள்ளைகள். கையிலிருந்த தந்திகளை மேஜை மேல் வைத்தான். என்னைத் திட்டுவான் என்று பார்த்தேன். திட்டவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். திட்டியிருந்தால் அன்று ராத்திரி சாப்பிட்டிருப்பேன்.

போன மாசியில் ராசிங்காபுரத்துக்காரர் ஒருவரை, "விசாரிச்சிட்டு அனுப்பிடுவோம்" என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விசாரணை இன்னும் முடியவில்லை போலிருக்கிறது.

புதன்கிழமை பஸ் ஸ்டாண்டில் ஒரு புது ஆள் தென்பட்டான். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் டைரி, காலில் பளபளவென்று பூட்ஸ். போடியில் யார் பூட்ஸ் போடுகிறார்கள்? மதுரையிலிருந்து வந்திருக்கிறான் என்றார்கள். எதற்கு என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்தக் குழாயில் திருப்பதி பெயர் தெளிவாகக் கேட்டதா, இல்லையா? என் குழாய் ஓட்டைக் குழாய். பாதி வார்த்தை கரகரப்பில் செத்துவிடும். என் வாழ்க்கையில் முதல் தடவையாக என் மைக்செட் மோசமானது என்று நாலு பேர் சொல்லிக் கேட்க ஆசைப்பட்டேன்.

கூடத்து முதலாளி மொக்கச்சாமியிடம் போனேன். "அண்ணே, அன்னைக்கு வெளிய என்ன கேட்டுச்சு?"

"எனக்கு ஒரு வாரமா காது அடைச்சிருக்குப்பா."

"போன மாசமே சரியாயிருச்சுன்னீகளே."

"திரும்ப அடைச்சிருச்சு. நீ செத்த தள்ளி நின்னு பேசு."

டீக்கடையில் கேட்டேன். "மழை வரும் போல இருக்குல்ல?" என்று பதில் வந்தது. வானத்தில் ஒரு மேகம் கிடையாது. வழக்கமாக என் கடையில் வந்து அரசாங்கத்தைத் திட்டுகிற ஏழெட்டுப் பேரும் அந்த வாரம் மூலைக்கொருவராக விவசாயம் பார்க்கப் போய்விட்டார்கள். அவர்களில் மூன்று பேருக்கு நிலமே கிடையாது.

வியாழக்கிழமை அந்த ஆளே கடைக்கு வந்தான். ஒரு டிரான்சிஸ்டரை மேஜையில் வைத்தான்.

"கரகரங்குது. பாக்குறீங்களா?"

பார்த்தேன். கரகரக்கவே இல்லை. ஈயம் பற்றவைக்கிற சூடான இரும்பை என் கட்டை விரலிலேயே வைத்துக்கொண்டேன்.

"செவ்வாய்க்கிழம மைக்குல யாரோ நல்லா பேசினாங்களாமே. யாருங்க அது?"

அந்த இடத்தில் ஒரு மனிதன் இருந்திருந்தால், 'நான்தான் சார்' என்றிருப்பான். அங்கே நான் இருந்தேன்.

"கூடத்துல நூறு பேர் பேசுவாக சார்."

"ஏதோ தபாலாபீசுன்னு கேட்டுச்சாமே?"

"குழாய் பழசு சார். நான் பேசுறது எனக்கே வெளங்காது."

அவன் சிரித்தான். டைரியில் எதையோ எழுதினான். அரைப் பக்கம் எழுதினான். நான் சொன்னது இரண்டு வரிதான்.

வெள்ளிக்கிழமை தபாலாபீசுக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையில் அவன் முழு நாளும் உட்கார்ந்திருந்தான். உள்ளே திருப்பதி தலை நிமிராமல் முத்திரை குத்திக்கொண்டிருந்தான். சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. நான் ஒரு தபால் கார்டு வாங்குகிற சாக்கில் கவுண்டருக்குப் போனேன்.

"மாப்ளே..."

"கார்டு எத்தன வேணும்?"

"ஒண்ணு."

கார்டைத் தள்ளினான். அவன் விரல்களில் மை. கண்ணில் தூக்கமே இல்லை. "அடுத்தவங்க வாங்க" என்றான். எனக்குப் பின்னால் யாருமே இல்லை.

சனிக்கிழமை அந்த ஆள் போடிமெட்டு ஜீப்பில் ஏறிப் போவதைப் பார்த்தேன். மலைக்கு எதற்குப் போகிறான்? அப்புறம்தான் உறைத்தது. செவ்வாய்க்கிழமை குழாய்க்கு நேர் கீழே உட்கார்ந்து காய் பொறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தவள் சிலமலை ஜக்கம்மாள். மறுநாளே காய் எடுப்புக்கு மலைக்குப் போய்விட்டாள். அங்கே கேட்டதை முழுசாகக் கேட்டவள் அவள்தான். காது கேட்காது, மழை வரும் என்றெல்லாம் பேசத் தெரியாதவளும் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை நானும் ஜீப்பில் ஏறினேன். பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் எதிரே வருகிற ஜீப்பு எல்லாம் என்னைத் தேடித்தான் வருகிறது என்று நினைத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், "வாந்தி வருதா தம்பி?" என்றார். மலை உச்சியில், போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளா. அப்படியே நடந்து போய்விடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அங்கேயும் அதே அவசரநிலை. ஓடிப் போவதற்கு வேறு நாடு வேண்டும்; அதற்கும் லைசென்ஸ் வேண்டியிருக்கும்.

தோட்டத்துக்குள் ஏலச்செடிகளின் மூட்டில் குனிந்து ஜக்கம்மாள் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் கூடை. என் செருப்புச் சத்தத்துக்கு நிமிரவில்லை.

"அக்கா."

"என்னப்பு, அட்டை கடிக்கிற எடத்துக்கு வந்திருக்க?"

"நேத்து ஒரு ஆளு வந்தானா?"

"வந்தான். பூட்ஸுக்குள்ள ரெண்டு அட்டை பூந்திருச்சு. குதிச்சான் பாரு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "குழாயில திருப்பதி பேரு கேட்டுச்சாக்கா?"

"கேட்டுச்சு."

"தெளிவாவா?"

"உன் குழாயி என்னைக்கும் இல்லாத அளவுக்கு அன்னைக்கு நல்லாப் பேசுச்சு."

ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்று பெண் பிள்ளைகளின் முகமும் கண்ணுக்குள் வந்தது. கடைசிப் பிள்ளைக்கு இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை. என்னை 'மைக்கு மாமா' என்பாள்.

"நீ என்னக்கா சொன்ன அவன்கிட்ட?"

ஜக்கம்மாள் அப்போதுதான் நிமிர்ந்தாள். கையிலிருந்த காயைக் கூடையில் போட்டாள்.

"உள்ளதச் சொன்னேன். திருப்பதி வாயே தொறக்கல, பேசினது பூராம் மைக்செட்டு சுருளிவேலுன்னு சொன்னேன். அந்தப் பேச்சும் அவன் சொந்தப் பேச்சுதான், அடுத்தவன் பேர ஒட்டிப் பேசுறது அவனுக்குப் பொழப்பு, என் பேரையே எத்தன தடவ இழுத்து விட்டிருக்கான்னு சொன்னேன். எழுதிக்கிட்டான். தபாலாபீசுன்னு எழுதியிருந்தத என் முன்னாலயே அடிச்சான்."

"எழுதினத அடிச்சதப் பாத்தியா?"

"ரெண்டு கோடு போட்டு அடிச்சான். எனக்குப் படிக்கத் தெரியாது. அடிக்கிறது தெரியும்."

ஐந்து நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போனது. அது இறங்கிய இடத்தில் வேறொன்று ஏறி உட்கார்ந்தது. முன்னதைவிடக் கனமாக இல்லை, ஆனால் குளிர்ந்திருந்தது.

"என்னக்கா, என்னையப் பிடிச்சுக் குடுத்துட்டியே."

"பொய்யா சொன்னேன்?"

"இல்ல."

"அவனுக்கு மூணு பிள்ளைக இருக்கு. உனக்கு என்ன இருக்கு, ஒரு மைக்கு." அடுத்த செடிக்கு நகர்ந்துகொண்டே, "நீயே போயி சொல்லியிருந்தா நான் சொல்ல வேண்டி வந்திருக்காதுல்லப்பு" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

கீழே பள்ளத்தாக்கில் போடி தீப்பெட்டி அளவில் தெரிந்தது. மூடுபனி அதை ஓரத்திலிருந்து அழித்துக்கொண்டு வந்தது. நான் எழுந்து வேட்டியைத் தட்டினேன். துண்டை எடுத்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். குளிர் என்று சொல்லிக்கொள்ள அங்கே குளிரும் இருந்தது.

"எப்ப வர்றானாம்?" என்று கேட்டேன். மழை வரும் என்று இவளும் சொல்லிவிடுவாளோ என்று ஒரு நப்பாசை.

"நாளைக்குக் காலைல. ஒன்பது மணிக்கு உன் கடைக்கு ஜீப்பு வருதாம்" என்றாள் ஜக்கம்மாள். "வெரசா எறங்கிப் போ. போறப்போ திருப்பதிய ஒரு எட்டு பாத்துட்டுப் போ."