ஓப்பலின் பின்கதவு

ஓப்பல் டிட்வெல் வாங்கிய புதுச் சக்கர வீட்டில், சமையலறைத் தரையில் ஒரு முட்டையை வைத்தால் அது உருண்டு உருண்டு படுக்கையறைக்குப் போய்விடும். போகிற வேகத்தில் பாதி வெந்தும்விடும். நான் எதையும் கூட்டிச் சொல்கிறவன் என்று இந்தக் குடியிருப்பில் ஒரு பேச்சு உண்டு. இதைக் குறைத்துத்தான் சொல்கிறேன்.

முட்டை உருள்வதில் ஓப்பலுக்கு வருத்தமில்லை. பின்கதவு திறக்காததுதான் அவள் தூக்கத்தைக் கெடுத்தது. வீட்டின் கடைசியில் துணி துவைக்கும் அறை. அதிலிருந்துதான் வெளியே போக இரண்டாவது வழி. வீடு சாய்ந்து, சட்டங்கள் கோணி, அந்தக் கதவு இறுகிப்போயிருந்தது. அடுப்போ முன்வாசலை ஒட்டி இருக்கிறது. அங்கே தீப்பிடித்தால் அவள் எந்த வழியாக ஓடுவது? எங்கள் வீடுகள் தகரமும் மெல்லிய பலகையும்தான். பற்றினால் ஒரு பாட்டு முடிவதற்குள் சாம்பல்.

விற்றவனும் கொண்டுவந்து நிறுத்தியவனும் ஹாலிஸ் கிரம்லி. நெடுஞ்சாலை ஓரம் கலர் கலராகக் கொடி கட்டி வீடு விற்கிறவன். அவனுக்கு முன்னால் அவன் பல் வந்து இறங்கும், அவ்வளவு சிரிப்பு. ஓப்பல் கூப்பிட்டபோதெல்லாம், "புது வீடும்மா, கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். தானா சரியாயிடும்" என்றான். உத்தரவாதம் ஒரு வருடம். அது முடியப்போகிற வாரத்தில் ஓப்பல் விழித்துக்கொண்டு அரசாங்கத்துக்குப் புகார் அனுப்பினாள். எங்கள் புளோரிடாவில் இந்த வீடுகளைச் சக்கரத்தில் இழுத்து வருவதால், குறை பார்க்க வருவதும் வாகனத் துறை ஆள்தான். வெள்ளிக்கிழமை காலை வருவதாகத் தகவல் வந்தது.

ஓப்பல் செய்த ஒரே தவறு, அன்று காலை முடியைச் சுருட்டிக்கொள்ளக் கடைக்குப் போனது.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால், தெருவே கூடி அந்த வீட்டைப் பளபளப்பாக்கிவிடும். அதிகாரி வருகிறார் என்றால் சும்மா இருப்போமா? எதிர்வீட்டு வர்ஜில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதையாவது தூக்கி நிறுத்தாவிட்டால் அவனுக்குக் காலைச் சாப்பாடு இறங்காது. தன் ஜாக்கிகளை எல்லாம் உருட்டிக்கொண்டு வந்து வீட்டுக்கடியில் நுழைந்தான். நான் எலுமிச்சை ஜூஸைக் கையில் வைத்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தேன். அதுவும் வேலைதான்.

முடி மேகம் போல் எழும்பி நிற்க ஓப்பல் திரும்பியபோது, கிரம்லியும் அதிகாரியும் வாசலில் நின்றார்கள். அதிகாரி மிஸ் பெட்டிஸ், டார்ச்சும் கோலிக்குண்டுமாக வந்திருந்த பெண்மணி. கோலியைத் தரையில் வைத்தார். அது தியானத்தில் உட்கார்ந்ததுபோல் அசையவே இல்லை.

"நேத்து வரைக்கும் முட்டையே ஓடுச்சே!" என்றாள் ஓப்பல்.

கிரம்லி துணி துவைக்கும் அறைக்குப் போய்ப் பின்கதவைத் திறந்தான், மூடினான். "வெண்ணெய் மாதிரி வருது, பாருங்க மேடம்."

ஓப்பல் மெல்லத் திரும்பி வர்ஜிலைப் பார்த்தாள். அவன் முழங்கையில் கிரீஸ். முகத்தில் பாராட்டுக்குக் காத்திருக்கும் சிரிப்பு.

"அட மடையா" என்றாள், உதடு அசையாமல். "என்னடா பண்ணித் தொலைச்ச?"

"வீடு கோணலா இருந்தா அவங்க உன்னைப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

"கோணலைக் காட்டத்தானேடா அவங்களை வரச்சொன்னேன்!"

கிரம்லிக்குப் பாம்புக் காது. "வேற யாராவது அடியில கை வச்சிருந்தா என் பொறுப்பு அத்தோட முடிஞ்சுது மேடம்" என்றான். "உத்தரவாதத்துலயே இருக்கு." பிறகு, உள்கதவும் எவ்வளவு நன்றாக மூடுகிறது பாருங்கள் என்று அந்த அறைக்குள் நின்றபடியே அதையும் சாத்திக் காட்டினான்.

வர்ஜிலின் சிரிப்பு உதிர்ந்தது. உண்மையைச் சொன்னாலும் கிரம்லி தப்பிப்பான், சொல்லாவிட்டாலும் தப்பிப்பான். வர்ஜில் வெளியே போய், குனிந்து வீட்டுக்கடியில் ஊர்ந்து போனான்.

கொஞ்சம் கொஞ்சமாக ஜாக்கி இறங்கியது. வீடு விட்ட ஏப்பம் பக்கத்து மாநிலம் அலபாமா வரை கேட்டிருக்கும். கோலி விழித்துக்கொண்டு படுக்கையறையை நோக்கி ஓடியது.

"வெளிய தெரியற அந்தக் காலு யாரோடது?" என்றார் மிஸ் பெட்டிஸ்.

"எதிர்வீட்டுக்காரன் மேடம். தன்னோட ஜாக்கியை எடுத்துக்கறான்" என்றாள் ஓப்பல். "என் வீட்டுல அவனுக்குச் சொந்தமானது அது ஒண்ணுதான்."

மிஸ் பெட்டிஸ் வெளியே வந்து, மண்டியிட்டு, டார்ச்சுடன் வர்ஜிலுக்குப் பக்கத்திலேயே நுழைந்துவிட்டார். வெளியே வந்தபோது தலைமுடியில் சிலந்திவலை.

"வீட்டைத் தாங்கற கல்லையெல்லாம் வெறும் மணல்ல வச்சிருக்காங்க. பாதி பொதைஞ்சு போச்சு. புயல்ல வீடு பறக்காம இருக்கக் கட்டற பட்டை, ஒண்ணுகூடக் கட்டாம தொங்குது."

"இவன் ஜாக்கி வச்சதால உத்தரவாதம் போயிடுமா?" என்றாள் ஓப்பல், பயந்துபோய்.

"ஜாக்கி தூக்கத்தான் செய்யும்மா. மணல்ல கல்லை வச்சது ஜாக்கி இல்லையே. வீட்டைக் கொண்டுவந்து நிறுத்தினவங்கதான் பொறுப்பு. சட்டம் அதைத்தான் சொல்லுது. எங்க அந்த கிரம்லி?"

அப்போதுதான் தடதடவென்று சத்தம் கேட்டது. துணி துவைக்கும் அறையின் உள்கதவும் பின்கதவும் ஒருசேர இறுகிவிட்டன. நடுவில், துவைக்கும் இயந்திரத்தோடு, ஜூன் மாத வெயிலில், கிரம்லி.

"தொறங்க! மூச்சு முட்டுது!"

மிஸ் பெட்டிஸ் கதவருகே போனார். "அவசர வழியைச் சோதிச்சுப் பாத்தீங்களா, கிரம்லி? எப்படி இருக்கு?"

"தொறக்கல!"

"விற்பனையாளரே சொல்றாரு, தொறக்கலையாம்" என்று எழுதத் தொடங்கினார்.

"பின்னாடியும் தொறக்கல!"

"அதையும் போட்டுக்கறேன்."

"நான் ஜாக்கியைத் திரும்ப வைக்கட்டுமா?" என்றான் வர்ஜில்.

"வைங்க. நான் எழுதி முடிச்சிடறேன்." அவர் கையெழுத்து அழகாக இருந்தது. அழகாக எழுத நேரம் பிடிக்கும். பீக்கன் கொட்டை போட்டுச் சுட்ட இனிப்புப் பலகாரத்தில் ஓப்பல் அவருக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். உள்ளே இருந்தவன், எல்லாவற்றையும் தன் செலவில் பிரித்துப் புதிதாக நிறுத்தித் தருகிறேன் என்று யாரும் கேட்காமலே கத்தினான்.

"சத்தமா சொல்லுங்க தம்பி, தெருவுக்குக் கேக்கட்டும்" என்றாள் ஓப்பல்.

தெருவுக்குக் கேட்டது. அடுத்த வாரமே ஆட்கள் வந்து காங்கிரீட் போட்டு, பட்டைகளைக் கட்டி, வீட்டை நிமிர்த்திவிட்டுப் போனார்கள். இப்போது தினமும் காலையில் ஓப்பல் பின்கதவைத் திறந்து, மூடி, மறுபடி திறக்கிறாள். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் எழுந்திருக்கிறோம். வர்ஜில் மட்டும் கொஞ்சம் வாட்டமாக இருக்கிறான். அந்த வீட்டில் அவன் தூக்குவதற்கு இனி ஒன்றுமில்லை.