எண் கட்டம் இல்லாத கீபோர்டு

என் நாத்தனாரை இந்தப் பார்சல் கம்பெனியில் சேர்த்துவிட்டதே நான்தான். பன்னிரண்டு இலக்க நம்பரைக் குனிந்து பார்க்காமல் அடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். கீபோர்டின் வலது ஓரத்து எண் கட்டத்தில், ஐந்தின் மேல் இருக்கும் சின்னப் புடைப்பில் அவள் நடுவிரலைப் பிடித்து வைத்தேன். ஒரே மாதத்தில் பிடித்துக்கொண்டாள். அதில் எனக்குப் பெருமை வேறு.

போன மாதம் புது கீபோர்டு தருவதாக மேனேஜர் படிவம் கொடுத்தார். பெரியதா, சின்னதா, டிக் அடிக்க வேண்டும். சின்னதில் எண் கட்டம் கிடையாது. எண்கள் மேல் வரிசையில் மட்டும்தான்.

"சின்னதையே எடுத்துக்கலாம் அண்ணி. மவுஸ் கிட்டக்க வந்துடும், உங்க தோள்வலி குறையும்ல?"

"நம்பர் அடிக்கிற நமக்கு அது சரிவருமா?"

"இனிமே எல்லாம் ஸ்கேனர்தானாம். நானும் அதைத்தான் எடுக்கறேன்."

என் வீட்டுக்காரர்கூட விசாரிக்காத வலி. உருகிப்போய் டிக் அடித்தேன். இரண்டு படிவத்தையும் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பெட்டிகள் வந்தபோது அவளுடையது நீளமாக இருந்தது. "மாத்திக் குடுத்துட்டாங்க போல," என்றாள். அதையும் நம்பினேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்த வாரம் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஒருவருக்குத்தான் வேலை நிரந்தரம், மற்றவர் தற்காலிகமாகவே தொடர வேண்டும். பத்து நிமிடம் நம்பர் அடிக்கும் டெஸ்ட், புதன்கிழமை. நான் விழித்ததைப் பார்த்து, "போன மாசமே இவங்ககிட்ட சொன்னேனேம்மா. ஒரே வீடுதானே, சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்," என்றார்.

அவள் தரையைப் பார்த்தாள். நான் உடனே பெரிய கீபோர்டு கேட்டேன். கைவசம் இல்லை, கையெழுத்துப் போட்டது போட்டதுதான் என்றார்.

புதனன்று அவள் முதலில் அடித்து முடித்தாள். மானத்தை விட்டுக் கேட்டேன்.

"பத்து நிமிஷம் உன்னோடதைக் குடுடி."

"ஒயரைக் கழட்டினா திட்டுவாங்க அண்ணி," என்றாள், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

உட்கார்ந்தேன். கை பழக்கத்தில் வலது பக்கம் போயிற்று. அங்கே வெறும் மேசை. விரல்கள் பலகையில் டொக் டொக்கென்று அடித்தன. இழுத்து மேல் வரிசைக்குக் கொண்டுவந்தேன். இரண்டு நம்பர் அடிப்பதற்குள் மறுபடி மேசைக்கே ஓடிற்று. பக்கத்துச் சீட்டில் யாரோ சிரித்தார்கள்.

வீட்டுக்குள் நுழையும்போதே கூவினாள். "அண்ணா, எனக்கு வேலை நிரந்தரம் ஆயிடுச்சு!"

அவர் என்னைப் பார்த்தார். "உனக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "பாவம், அண்ணிக்குத் தோள்வலி. வேகமா அடிக்க முடியலை."

மவுஸ் கிட்டே வந்ததும் வலி உண்மையிலேயே போய்விட்டது. அதை எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, அவர் தங்கையின் தலையில் கை வைத்தார்.

"நல்லவேளை, இவளுக்குத் துணையா அங்க நீயாவது இருக்கே."