வெளிய எறிடா

சாசேஜைப் புரட்டிக்கொண்டிருந்த இடுக்கியை என் மூக்குக்கு நேராக நீட்டி, "ஹாலரன் மட்டும் இல்லேன்னா நமக்கு ஒரு டீம் இருந்ததே யாருக்கும் தெரிஞ்சிருக்காது, வெர்ன்" என்றான் ரோஸ்கோ.

காலை பத்து மணி. ஏரிக்காற்று காதை அறுத்தது. மைதானத்துக்கு வெளியே வண்டிகளை நிறுத்துகிற இடம் முழுக்க அடுப்புப் புகை. ஒவ்வொரு அடுப்பைச் சுற்றியும் இதே சண்டைதான் ஓடிக்கொண்டிருந்தது. இன்று இடைவேளையில் வெஸ் ஹாலரனின் பெயரை மைதானச் சுவரில் திறந்துவைக்கப் போகிறார்கள். பதினோரு வருடம் எங்கள் அமெரிக்க ஃபுட்பால் டீமின் குவார்ட்டர்பேக்காக இருந்தவன். தன்மேல் வந்து விழப்போகிற ஆட்களைப் பார்த்தபடியே, பந்தை யாருக்கு எறிவது என்று இரண்டு நொடியில் முடிவு செய்கிற வேலை. ஆள் கிடைக்காவிட்டால் எதிரணி கையில் சிக்காமல் பந்தைக் கோட்டுக்கு வெளியே எறிந்துவிட வேண்டும். எட்டு வருடம் அதை அவன் செய்த அழகை நான் மறுக்கவில்லை. ஒருமுறை இறுதி ஆட்டம்வரை எங்களைக் கொண்டுபோனான். மூன்றே புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். பிறகு தோளில் கத்தி வைத்தார்கள், கை போய்விட்டது. கடைசி மூன்று வருடம் எதிரணிக்காரர்களின் கைக்குத்தான் பந்தைக் கச்சிதமாக எறிந்தான்.

"எட்டாவது வருஷமே போயிருக்கணும்டா" என்றேன். "தோளு போச்சுன்னு அவனுக்கே தெரியும். நம்மள மூணு வருஷம் பனியில உக்கார வெச்சு அழவிட்டான்."

"மில்லு மூடினப்ப எல்லாரும் இந்த ஊர விட்டு ஓடினாங்க. வேற டீம் கூப்பிட்டும் அவன் போகல."

"கூப்பிட்டவங்க பொழச்சுக்கிட்டாங்க."

"உனக்குந்தான் ரெண்டு முட்டியும் போச்சு. பனி தள்ளுற லாரிய இன்னும் நீதானே ஓட்டுற?"

"நான் ஓட்டுறத எழுபதாயிரம் பேர் டிக்கெட் வாங்கிப் பாக்கலையே."

"பாத்திருந்தா உனக்கும் ஊளை விட்டிருப்பாங்க."

இன்று ஹாலரனுக்கு ஊளையிடுவது என்று நான் முடிவு செய்துதான் வந்திருந்தேன். கோட்டுக்கு மேலே போட்டிருந்த டீம் சட்டையில், முதுகில் அச்சடித்திருந்த அவன் பெயரை மறைத்துச் சாம்பல் நிற டேப் ஒட்டியிருந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜனவரியில், ஒரே ஆட்டத்தில் நான்கு முறை அவன் பந்தைப் பறிகொடுத்த அன்று, இதே இடத்தில் என் லாரியிலிருந்து டேப்பை எடுத்து ஸ்டான் என் முதுகில் ஒட்டினான். அவன் முதுகில் நான் ஒட்டினேன். ஸ்டான் முப்பது வருடம் மைதானத்தில் என் பக்கத்து இருக்கை. என்னைவிட வாய் நீளம். நடுவர்களின் குடும்பத்தையெல்லாம் அவன் விசாரித்தால் முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். அந்த ஏப்ரலில் அவனுக்கு மூளையில் ரத்தம் கட்டியது. வலது கையும் பேச்சும் போய்விட்டன.

ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை போனேன். அவன் என் முகத்தைப் பார்த்தபடியே உதட்டை அசைத்தான்; ஒன்றும் வரவில்லை. பேச்சில்லாத ஸ்டானோடு எப்படி உட்கார்ந்திருப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வேலை, முட்டி, பனி என்று ஏதோ சாக்கு. நாலாவது முறை போகவேயில்லை. கடைப் பக்கம் அவன் மனைவி லொரெயினின் வேனைக் கண்டால் வேறு தெருவில் திரும்பியிருக்கிறேன். கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது.

அதே வேன் இப்போது எங்கள் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பக்கவாட்டுக் கதவு திறந்து, சரிவுப்பலகை இறங்கி, சக்கர நாற்காலியில் ஸ்டான் வந்தான். இளைத்திருந்தான். கோட்டுக்கு மேலே அதே சட்டை. நான் ரோஸ்கோவைப் பார்த்தேன்.

"நான்தான் வரச் சொன்னேன்" என்றான், சாசேஜிலிருந்து கண்ணெடுக்காமல்.

ஸ்டான் இடது கையை நீட்டினான். பிடித்தேன். "வெர்ன்" என்றான். என் பெயர் அவன் வாயிலிருந்து மெதுவாக, ஆனால் முழுசாக வந்தது. கையை விடாமல் லொரெயின் பக்கம் திரும்பினேன்.

"எப்பலேர்ந்து பேசுறான்?"

"ரெண்டு வருஷமா" என்றாள் லொரெயின். ரொட்டியைப் பிளந்து சாசேஜை வைத்துச் சின்னத் துண்டுகளாக நறுக்கியபடியே சொன்னாள். அவள் குரலில் குத்தல் இல்லை. அதுதான் இன்னும் சுட்டது. "ஏழு மாசம் ஒரு வார்த்தை இல்ல. 'தண்ணி', 'வேணும்', 'போதும்'னு பயிற்சி குடுக்க வந்த பொண்ணு சொல்லிச் சொல்லிப் பாத்தா. அந்த நவம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை டிவில மேட்ச். மூணு பேருக்கு நடுவுல ஹாலரன் பந்த எறியப் போறான். நான் சமையல்கட்டுல இருக்கேன். ஹால்ல ஒரு குரல். 'வெளிய எறிஞ்சு தொலைடா, மடப்பயலே.' கையில இருந்த பாத்திரத்த அப்படியே போட்டுட்டு ஓடினேன்."

"ஸ்டானா?"

"வேற யாரு? அந்தப் பொண்ணு அதையே பிடிச்சுக்கிட்டா. பழைய மேட்ச்செல்லாம் போட்டுக் காட்டச் சொன்னா. ஜெயிச்ச மேட்ச் போட்டா சிரிச்சுக்கிட்டே சும்மா உக்காந்திருப்பாரு. தோத்த மேட்ச் போட்டாதான் வாய் திறப்பாரு. கடைசி மூணு வருஷத்த முழுசா பாத்தோம். திட்டுல ஆரம்பிச்சுத்தான் என் பேர் வந்துச்சு."

நான் தொண்டை கிழியத் திட்டிய மூன்று வருடம். அந்த ஞாயிறு மதுக்கடையில் உட்கார்ந்து அதே பந்தை நானும்தான் சபித்தேன்.

"எங்கிட்ட சொல்லவேயில்லையே" என்றேன் ரோஸ்கோவிடம்.

"நீ கேக்கவேயில்லையே" என்றான்.

லொரெயின் என் கையில் தட்டைத் திணித்தாள். "இடைவேளையில நீ ஊளையிடுறதுன்னா இடு, வெர்ன். உன் கோபம் உன்னோடது. ஆனா அந்தாள் வரும்போது 'நன்றி'ன்னு சத்தமா சொல்லணும்னு நாலு வாரமா இவரு பழகிட்டிருக்காரு. வீட்ல பத்துக்கு ரெண்டு தடவ வருது. அதுவரைக்கும் வாய மூடிட்டிரு, போதும்."

இடைவேளையில் ஹாலரன் நடுமைதானத்துக்கு வந்தான். நீளமான கறுப்புக் கோட்டு, நரைத்த தாடி, லேசாக இழுத்து இழுத்து நடை. பாதி மைதானம் கைதட்டியது, பாதி ஊளையிட்டது. சக்கர நாற்காலிகளுக்கான மேடையில், ஸ்டானுக்குப் பின்னால் நாங்கள் மூவரும் நின்றோம். ரோஸ்கோ தட்டினான். நான் இரண்டையும் செய்யவில்லை. லொரெயின் குனிந்து, "சொல்லுங்க" என்றாள்.

ஸ்டானின் வாய் திறந்தது. உதடு குவிந்தது, விரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அந்த வார்த்தை எங்கோ பக்கத்தில் இருப்பது எங்களுக்கே தெரிந்தது, ஆனால் வரவில்லை. நாற்காலிப் பிடியை இடது கை இறுக்கிக்கொண்டது. கடவுளே, இந்த ஒன்றையாவது கொடு என்று வேண்டிக்கொண்டேன். நான் வேண்டிக்கொள்கிற ஆள் இல்லை.

கூட்டத்துக்குள் எறியச் சொல்லி ஹாலரனிடம் ஒரு பந்தைக் கொடுத்தார்கள். அவன் கையைப் பின்னால் இழுத்தான், எங்கே எறிவதென்று தெரியாமல் ஒரு கணம் நின்றான். பழைய தயக்கம்.

"வெளிய எறிஞ்சு தொலைடா, மடப்பயலே!"

முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. எனக்கு முப்பது வருடமாகத் தெரிந்த சிரிப்பு. பந்து கோணலாகப் பறந்து, யார் கைக்கும் எட்டாமல் வேலிக்கு அந்தப் பக்கமே விழுந்து உருண்டது. லொரெயின் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். நான் தட்ட ஆரம்பித்தேன். உள்ளங்கை எரியும்வரை தட்டினேன்.

ஹாலரன் போன பிறகு ஸ்டான் நாற்காலியில் முன்னால் சாய்ந்து முதுகைக் காட்டினான். "எடு" என்றான். நான் ஒட்டிய டேப். வீட்டில் லொரெயினை அவன் அதைத் தொடவிட்டதில்லையாம். கையுறையைக் கழற்றினேன். குளிரில் பசை இறுகிக் கிடந்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி உரித்தேன். ஒரு எழுத்து டேப்போடு வந்துவிட்டது. மற்றவை வெளுத்த சட்டையில் புதுசு போல வெள்ளையாக இருந்தன.

ஸ்டான் என் கோட்டுக்கையைப் பிடித்து இழுத்தான். புரிந்தது. போன முட்டிகளை மடக்கி, அவனுக்கு முதுகைக் காட்டி, ஈரச் சிமெண்டில் உட்கார்ந்தேன். இரண்டாம் பாதி ஆரம்பித்துவிட்டது; எல்லோரும் எழுந்து நின்றதில் எனக்கு ஆட்டம் தெரியவில்லை. என் முதுகில், டேப்பின் ஓரத்தை அவனுடைய இடது கைவிரல்கள் தேடிக்கொண்டிருந்தன.