மருமகன் முறை

அவன் பெயரைச் சொல்ல மாட்டேன். கேட்டு நச்சரிக்காதீர்கள். எனக்கு அவன் மருமகன் முறை. என் மகளை அவன் கட்டவுமில்லை, கட்டப்போவதுமில்லை. அவளுக்கு ஏற்கெனவே ஒருத்தன் இருக்கிறான், அவனே போதும். ஆனால் முறை என்றால் முறைதான். மாமியார் முறைக்காரியும் மருமகன் முறைக்காரனும் முகத்தை முகம் பார்க்கக்கூடாது, பேசிக்கொள்ளக்கூடாது, பெயரை வாயால் சொல்லக்கூடாது. நான் கடைக்குள் நுழைந்தால் அவன் வெளியே போய்விட வேண்டும். இந்தப் பாலைவனத்தின் பூர்வகுடிகளான எங்களுக்கு இதுதான் சட்டம். வெள்ளைக்காரன் சட்டமெல்லாம் பின்னால் வந்தது.

அன்று விடியும்போது லின்ட்சேக்கு நெஞ்சு வலி. டாக்டர் விமானம் வந்து செம்மண்ணைக் கிளப்பிவிட்டு அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிற்று. அவன் பிழைக்க வேண்டுமே என்ற கவலை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இன்றைக்குப் பார்த்தா படுக்க வேண்டும் என்று அவன்மேல் எரிச்சலாக வந்தது. எங்கள் முகாமை நடத்துகிறவன் அவன்தான். கோர்ட்டில் மாட்டும் எங்கள் பிள்ளைகளை நகரத்துச் சிறுவர் சிறைக்கு அனுப்பாதீர்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சண்டை போட்டு வாங்கிய முகாம். பழைய மாட்டுப் பண்ணை ஒன்றில் குதிரை, வேலி, தண்ணீர்த் தொட்டி என்று பிள்ளைகளுக்கு வேலை இருக்கும். சாயங்காலம் பெரியவர்கள் போய் உட்கார்ந்து யாருக்கு யார் என்ன முறை என்று சொல்லிக்கொடுப்பார்கள்.

லின்ட்சேயின் அக்கா மகன்தான் நான் சொல்லும் பையன். போன வருஷம் கூட்டாளிகளோடு ஒரு காரைத் திருடி, கடைச் சுவரில் கொண்டுபோய் இடித்தவன். அன்று பத்து மணிக்கு டவுனில் அவன் வழக்கு. மாஜிஸ்திரேட் எப்போதாவதுதான் அந்த டவுனுக்கு வருவார். பையனும் போக வேண்டும், முகாமிலிருந்து ஒருவர் போய் அவன் எப்படி இருக்கிறான் என்று சொல்லவும் வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே நகரத்துக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள். அவனுடைய பெரியப்பா மகன் அப்படிப் போனவன்தான். திரும்பி வந்தபிறகு இன்றுவரை யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை.

முகாமில் வண்டி ஓட்ட லைசென்ஸ் இருப்பது இரண்டு பேருக்கு. ஒருத்தன் ஆகாயத்தில் போய்க்கொண்டிருந்தான். மற்றவள் முகாமுக்குச் சாமான் கொண்டுபோகும் நான்.

நல்லவேளை, டல்சி வந்தாள். அவள் பையனுக்கு அத்தை, அப்பாவின் கூடப்பிறந்தவள், எனக்குத் தோழி. தூக்கத்தில்கூட வாய் மூடாதவள். டொயோட்டாவின் முன் சீட்டுக்குப் பின்னால் கம்பளியைக் கட்டித் தொங்கவிட்டாள். பின்கதவு வழியாகப் பையனை ஏற்றினாள். அவன் ஏறி முடிக்கும்வரை நான் கொட்டகைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நான் ஏறி, பின்பக்கம் காட்டும் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டு, வண்டியைக் கிளப்பினேன். டல்சி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் வழியாகத்தான் எல்லாம் நடந்தது.

“பெல்ட்டு போட்டானான்னு கேளு.”

“பெல்ட்டு போட்டியாடா?”

“போட்டேன்னு சொல்லு அத்தை.”

“போட்டானாம்.”

எனக்கும் காது இருக்கிறது. ஆனால் அப்படித்தான் கேட்க வேண்டும். வழி முழுக்க இதே பாடு. அவனுக்குத் தண்ணீர் வேண்டும் என்றாலும் அவளைக் கேட்பான், அவள் என்னைக் கேட்பாள், நான் அவளிடம் தருவேன், அவள் கம்பளிக்கு அடியில் தள்ளுவாள். போஸ்டாபீஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தால் இந்நேரம் பென்ஷன் வாங்கியிருப்பேன் என்று முணுமுணுத்தாள் டல்சி. என்னால் சிரிக்க முடியவில்லை. ஒரே வண்டியில் இவனோடு போகிறேனே, பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று உடம்பெல்லாம் கூசியது. மணியைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

பாதி வழியில் டயர் போயிற்று. போகாமல் இருக்குமா.

ஸ்பானரும் ஜாக்கியும் பின்னால் இருந்தன, அவனும் பின்னால் இருந்தான். நான் இறங்கி, தூரத்தில் ஒரு புதரோரம் போய், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். நிழல் இல்லை. ஈ மொய்த்தது. எனக்கு இடது முழங்கால் ஆகாது, கொஞ்ச நேரம் நின்றாலே உயிர் போகும். உட்காரலாம் என்றால் முள். காலை மாற்றி மாற்றி நின்றேன். கல்லை முட்டுக் கொடுக்கச் சொல்லு, நட்டை எதிரெதிராக முடுக்கச் சொல்லு என்று கத்தினேன். அவனுக்கு அதெல்லாம் தெரியும், நீ சும்மா இரு அக்கா என்று டல்சி அதட்டினாள். உண்மையிலேயே தெரிந்திருந்தது. நான் பயந்ததில் பாதி நேரத்தில் மாற்றிவிட்டான். அவன் பின்னால் ஏறியபிறகுதான் நொண்டிக்கொண்டே திரும்பி வந்தேன்.

கோர்ட் வாசலில் பையனுக்காக வாதாடும் வக்கீல் பெண் எங்களை நோக்கி ஓடிவந்தாள். இந்த ஊருக்குப் புதிது, தங்கமான பெண். பையனை முதலில் உள்ளே அழைத்துப்போனாள். லின்ட்சே இல்லாததால் முகாம் ஆளான நான்தான் சாட்சி சொல்ல வேண்டும், டல்சி சொன்னால் செல்லாது என்றாள். முடியாது, அவன் இருக்கும் அறைக்குள் நான் வரக்கூடாது என்றேன். கொஞ்ச நேரம்தான் அம்மா, இல்லாவிட்டால் அவனை அனுப்பிவிடுவார்கள் என்றாள். யோசிக்க நேரமில்லை. என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவசரத்தில் டல்சியை முன்னால் அனுப்பி, நான் வருகிறேன், எழுந்து போகாதே என்று அவனிடம் சொல்லச் சொல்ல மறந்துபோனேன். அங்கேதான் வினை வந்தது.

நான் கதவைத் திறந்து காலை வைத்ததும் பையன் எழுந்தான். எழுந்தவன் தலையைக் குனிந்துகொண்டு, பக்கவாட்டுக் கதவைத் திறந்து விறுவிறுவென்று வெளியே போய்விட்டான். மாமியார் உள்ளே வந்தால் மருமகன் வெளியே போக வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அங்கே இருந்தவர்களுக்குக் கைதி ஓடுகிறான் என்றுதான் தோன்றியது. ஒருவர் கத்தினார். இரண்டு பேர் பாய்ந்து போய் அவனை நடைக்கூடத்தில் பிடித்துச் சுவரோடு அழுத்தினார்கள். அவன் திமிறவில்லை. விளக்கம் சொல்ல வாயும் திறக்கவில்லை. எப்படிச் சொல்வான், என்னைப் பற்றியல்லவா பேச வேண்டும், அதுவும் நான் கேட்கும் தூரத்தில் நிற்கும்போது.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். முகாமில் திருந்தியிருப்பான் என்று நினைத்தேன், என் கண் முன்னாலேயே ஓடுகிறான், இனி எனக்கு வேறு வழி தெரியவில்லை என்றார். வக்கீல் பெண்ணின் முகம் வெளுத்துப் போயிற்று.

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. வெட்கமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அவனை உள்ளே கொண்டுவந்து நிறுத்துங்கள், நான் திரும்பி நின்றுகொள்கிறேன் என்றேன். என்ன நினைத்தாரோ, சரி என்றார். நான் மாஜிஸ்திரேட்டின் தலைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றேன். எனக்குப் பின்னால் காலடிச் சத்தம் வந்து நின்றது. அவனும் எதிர்ச்சுவரைப் பார்த்து நிற்கிறான் என்று டல்சி என் காதில் சொன்னாள்.

“ஐயா, அவன் ஓடல. எனக்கு வழி விட்டான். நான் அவனுக்கு மாமியா முறை, நான் இருக்கற எடத்துல அவன் இருக்கக்கூடாது. போன வருசம் இதே பையன் குடிச்சுட்டு நடுத்தெருவுல நின்னு என் பேரைச் சொல்லிக் கூப்புட்டான். ஊரே பாத்துச்சு. நான் ஒரு மாசம் கடைப்பக்கம் தலை காட்டல. முகாமுக்கு வந்தப்புறம், நான் சாமான் கொண்டுபோற வண்டிச் சத்தம் கேட்டாலே மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிடறான். யாரும் சொல்றதில்ல, அவனா போறான். இன்னிக்கும் அப்படித்தான் போனான். போனா நீங்க புடிப்பீங்கன்னு அவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் போனான். நாங்க கத்துக்குடுத்ததைத்தான் செஞ்சான். அது குத்தம்னா என்னையும் சேர்த்து அனுப்புங்க.”

என் வாழ்நாளில் அவனைப் பற்றி அவன் காதுபட இத்தனை வார்த்தை பேசியது அதுதான் முதல் தடவை. முழங்கால் மறுபடி விண்விண்ணென்று தெறித்தது. காலை மாற்றி நின்றேன்.

மாஜிஸ்திரேட் அவனைப் பார்த்து, நீ ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். கெடுத்துவிடுவான் போலிருக்கிறதே, வாயைத் திறந்து ஒரு மன்னிப்பாவது கேட்கக்கூடாதா என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“ஐயா, அவங்களுக்கு இடது முழங்கால் வலி. வழியிலயும் ரொம்ப நேரம் வெயில்ல நின்னாங்க. நான் சொல்லக்கூடாது. நீங்க உக்காரச் சொல்லுங்க.”

முகாமுக்கு வந்தபிறகு அவன் என்னை ஏறிட்டுப் பார்த்ததே இல்லை. பார்க்கவே கூடாது. ஆனால் என் முழங்கால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது, அதுவும் இடது என்று.

மாஜிஸ்திரேட் என் பக்கம் திரும்பினார்.

“அம்மா, உங்களை உக்காரச் சொல்றான்.”

யாரோ என் பின்னால் நாற்காலியை நகர்த்தினார்கள். நான் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்தேன். கண்ணில் வழிந்ததைத் துடைக்கவும் தோன்றவில்லை.

“உக்காந்துட்டேன்னு அவன்கிட்ட சொல்லுங்க ஐயா.”

“உக்காந்துட்டாங்க,” என்று அவனிடம் சொன்னார் மாஜிஸ்திரேட். அதற்கப்புறம்தான் பேனாவை எடுத்தார். அடுத்த விசாரணை வரைக்கும் பையன் முகாமிலேயே இருக்கட்டும் என்றார்.

திரும்பும் வழியெல்லாம் டல்சி புலம்பிக்கொண்டே வந்தாள், அந்த ஆள் என் வேலையைப் பிடுங்கிக்கொண்டார் என்று. கம்பளிக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. எனக்குக் கேட்கவில்லை என்று டல்சியிடம் சொல்லிவிட்டு, வண்டியை ஓட்டினேன்.