பதிவாகாத பொய்க்கோபம்

1

ஓர் அரபுச் சொல்லிலிருந்து வந்த கதை இது. 'தலால்.' பிரியப்பட்டவனை எதிர்ப்பதுபோல் காட்டுவது. உள்ளே எதிர்ப்பு இருக்காது. நம் ஊடலுக்குப் பக்கத்து வீடு. கெய்ரோவில் வானொலித் தொடர் எழுதிப் பிழைக்கிறவன் நான். அந்தச் சொல்லுக்காகவே ஒரு காட்சி எழுதினேன். கதாநாயகிக்கு ஒரே வரி: "போ, உன்னோட பேச மாட்டேன்."

2

'ஒலிப்பதிவு அறைக் கண்ணாடியில் ரத்தக்கறை...' வேண்டாம், கொலைக்கதை எழுதிய பழக்கதோஷம். மறுபடி ஆரம்பிக்கிறேன்.

கதாநாயகியாக நடிக்கும் ரவ்யா மைக் முன்னால் நின்றாள். கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவுக்காரன் வக்தி, அவள் கணவன்.

('முன்னாள் கணவன்' என்று எழுதி அடித்தேன். தலாக் சொல்லிவிட்டான், உண்மை. ஆனால் தலாக்குக்குப் பின் அவள் காத்திருக்க வேண்டிய காலம், இத்தா, இன்று அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மஃரிப் பாங்கோடுதான் முடிகிறது. அதற்குள் "உன்னைத் திரும்பச் சேத்துக்கிட்டேன்" என்று அவன் சொன்னால் போதும், அவள் மறுபடி மனைவி.)

அவன் சொல்லவில்லை. அவள் கேட்கமாட்டாள்.

"இது கோபம் இல்லம்மா, தலால்!" இயக்குநர் ஃபிக்ரி தலையில் அடித்துக்கொண்டார். "டிராஃபிக் போலீஸ்கிட்ட சண்டை போடற மாதிரி சொல்றே! போன ரமலான்ல ஊரையே கிறங்கடிச்ச குரல் எங்க போச்சு?"

"வரலை, உஸ்தாத்."

[எப்படி வரும்? கொஞ்ச ஒருவன் இருக்கிறான் என்ற தைரியத்தில்தான் பெண் முறுக்கிக்கொள்வாள். அந்தத் தைரியம் போனால் மிச்சம் வெறும் கோபம்.]

3

வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் காதுக்கருவியில் மட்டும் வக்தியின் குரல் வந்தது.

"சாப்பிடலையா? வயித்துச் சத்தம் மைக்ல விழுது."

"உனக்கென்ன வந்துச்சு?"

"மொச்சை ஃபூல் ரொட்டி வாங்கி வெச்சிருக்கேன். எலுமிச்சை தூக்கலா."

எலுமிச்சை அவளுக்குத்தான் உயிர். அவனுக்கு ஆகாது.

ரவ்யாவின் தோள் லேசாகச் சாய்ந்தது. புருவம்... (புருவத்தை அடித்துவிட்டேன். வானொலிக்கு எதற்கு?)

"போ... உன்னோட பேச மாட்டேன்."

"அதேதான்!" ஃபிக்ரி துள்ளினார். "பதிவாச்சா, வக்தி?"

பதிவாகவில்லை. பதிவுப் பொத்தானை அழுத்தவே வக்தி மறந்திருந்தான். அவள் குரலைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டான்.

4

முடிவு ஒன்று: அவன் அந்த வார்த்தையைச் சொல்...

முடிவு இரண்டு: அவள் நிஜமாகவே போகச் சொன்னதாக நினைத்து, அவன்...

இரண்டையும் என்னால் முடிக்க முடியவில்லை. ஃபிக்ரிக்கு அது நல்ல நடிப்பு. வக்திக்கு என்ன? அவன் விரல் பேசும் பொத்தான்மேல் இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், காதுக்கருவியைக் கழற்றாமல் நிற்கிறாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரக்கத் தொடங்கிவிட்டது.

அவன் வாய்க்கு ஒரு வரி வேண்டும். நீங்களே கொடுங்கள். சீக்கிரம், பாங்கு ஆரம்பிக்கப் போகிறது.