பிளாஸ்திரி ஒட்டிய கை

டாக்டர் குமரகுரு கேட்டது என்னைக் கட்டிய மாப்பிள்ளை யாசரிடம். பதில் சொன்னது நான். எனக்கு எப்போதும் அந்தத் துடுக்கு உண்டு.

"இடையில மருந்து ஏத்துறது ஏதும் விட்டுப்போச்சா?"

"ஒண்ணுகூட விட்டதில்ல டாக்டர். ரெண்டு மாசத்துக்கு ஒருக்க திருநெல்வேலிக்குப் போயிட்டுத்தான் வருதாவ."

யாசர் தலையைக் குனிந்துகொண்டார். பொண்டாட்டி முந்திக்கொண்டு பேசுகிறாளே என்ற வெட்கம் என்று நினைத்தேன்.

ரியாத்தில் வேலை பார்த்த மனுஷன் பெருங்குடல் புண்ணோடு ஊருக்கு வந்தார். பாத்ரூமை விட்டு வெளியே வரமுடியாது. போவதெல்லாம் இரத்தம். தன் உடம்பே தன் குடலைத் தாக்குகிற சீக்காம். அதை அடக்க ஒரு மருந்தைக் குளுக்கோஸ் மாதிரி நரம்பில் ஏற்றுவார்கள். முதல் சில தடவை நானும் திருநெல்வேலிக்குக் கூடப் போனேன். ஏப்ரல் வந்ததும் ஆள் தேறிவிட்டார், கன்னத்தில் சதை வைத்தது. ஜூனிலும் ஆகஸ்டிலும், "நீ எதுக்கு அலையுத? பரீது துணைக்கு வருதான்" என்று தனக்குத் தம்பி முறையான சாச்சா மகனைக் கூட்டிக்கொண்டு போனார்.

இரண்டு தடவையும் புறங்கையில் பிளாஸ்திரியோடுதான் வந்தார். தலை ஈரம். கேட்டால் சாரல் என்றார். சீசன் நேரத்தில் அச்சன்புதூரில் எவர் தலைதான் காய்ந்திருக்கிறது? எண்ணெய் வாசம் அடிக்கிறதே என்றால், "பஸ் பூராம் குத்தாலத்துக்கு வந்த கூட்டம், உரசிக்கிட்டே வந்தானுவ" என்றார். நானும் நம்பித் தொலைத்தேன். இடது கையில் இவருக்கு நரம்பு சிக்காது, எப்போதும் வலது கைதான். ஊசி குத்திய கை வலிக்குமே என்று சோற்றைப் பிசைந்து நானே ஊட்டிவிட்டேன்.

செப்டம்பர் கடைசியில் மறுபடி இரத்தம். திருநெல்வேலி வரைக்கும் பஸ்ஸில் உட்கார முடியாது என்று பரீதையும் கூட்டிக்கொண்டு, தென்காசியிலேயே குமரகுரு டாக்டரிடம் வந்தோம். ஃபைலில் ஏப்ரல் வரைக்கும்தான் சீட்டு இருந்தது. மீதியை வாங்க மறந்துவிட்டதாக யாசர் சொன்னார். "இவுக மறதிய ஊரே சொல்லும் டாக்டர்" என்று அதற்கும் நானே சாட்சி.

மருந்து ஏறத் தொடங்கியது. சிஸ்டர் சங்கரேஸ்வரி வேகத்தைக் குறைத்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். யாசர் இரண்டு முறை செருமினார். "தண்ணி வேணுமா?" என்று திரும்பினேன். முகம் செக்கச்செவேல் என்று ஆகியிருந்தது. உதடு தடித்திருந்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்கிறார், மூச்சு உள்ளே போகவில்லை.

"யா அல்லாஹ்!"

சிஸ்டர் மருந்தை நிறுத்தினார். டாக்டர் ஓடி வந்தார். தொடையில் ஊசி போட்டார்கள், மூக்கில் ஆக்சிஜனை மாட்டினார்கள். "பிரஷர் இறங்குது சார்" என்று சிஸ்டர் சொன்னது காதில் விழுந்தது. என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். பேசியே பழகிய எனக்கு ஒரு துஆகூட வாயில் வரவில்லை.

கதவு திறந்து டாக்டர் வந்தார். "பொழைச்சிக்கிட்டார். உண்மையைச் சொல்லுங்கம்மா, கடைசியா எப்ப ஏத்தினாங்க?"

"ஆகஸ்ட்ல டாக்டர்."

சுவரோரம் நின்ற பரீது அழத் தொடங்கினான். "இல்ல மைனி. ரெண்டு தடவையும் திருநெல்வேலிக்குப் போகல. குத்தாலத்துக்குத்தான் போனோம்."

"ஏலே, என்னலே சொல்லுத?"

"ஐந்தருவியில குளிச்சோம். பிளாஸ்திரி மெடிக்கல்ல வாங்கி ஒட்டினது."

அவனை ஓர் அறை அறைந்தேன். டாக்டர் என்னைத் தடுக்கவில்லை. இத்தனை மாதம் விட்டுவிட்டு மறுபடி ஏற்றினால் சிலருக்கு உடம்பு அதை எதிரியாக நினைத்துச் சண்டைக்கு நிற்கும் என்றார். "தெரிஞ்சிருந்தா இதை ஏத்தியிருக்கவே மாட்டேன். இனி இந்த மருந்து இவருக்கு ஆகாது. வேற இருக்கு, பார்க்கலாம். ஆனா இது கேட்ட மாதிரி அது கேக்குமான்னு இப்ப சொல்ல முடியாது."

கேட்ட மருந்தை அருவியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அவருக்குச் சாட்சி சொல்லிப் படுக்கவைத்தது நான்.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். ஏசித் தீர்ப்பது என்றுதான் போனேன். அவரே பேசினார்.

"ரியாத்ல பாத்ரூம் தேடாம ஒரு எடத்துக்குப் போனதில்ல ஹம்னா. அருவியில அவ்வளவு நீள வரிசை, நின்னேன். வயித்து நெனப்பே வரல. எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனச்சிட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பிளாஸ்திரிய ஒட்டினாலும் மனசு கேக்கல, சொல்லிரணும்னுதான் வந்தேன். பிளாஸ்திரியப் பாத்ததும் நீ ஊட்ட ஆரம்பிச்சிட்ட. சோத்த வாயில வச்சிக்கிட்டு எப்படிச் சொல்லுவேன்?"

பாவி மனுஷன்! டிபன் கேரியரைத் தூக்கி எறியலாம் என்று வந்தது. அழுகையும் வந்தது. "கஞ்சியா கரைச்சுக் கொஞ்சம் கொடுக்கலாம்க்கா" என்றார் சிஸ்டர். நான் சோற்றைக் கரைத்தேன். அவர் வாயைத் திறந்தார்.

"இருங்க" என்றேன்.

வலது கையைப் பிடித்து இழுத்து, ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஊசி இருந்தது. அதற்குப் பிறகுதான் ஊட்டினேன்.