கைராசி வைத்த இஞ்சின்

அந்தக் கரையில் யாராவது வள்ளத்துக்கு இஞ்சின் வாங்கினால், திருகை முதலில் இறுக்குவது சிவகுருநாதன்தான். சங்கத் தலைவர், கைராசிக்காரர் என்று பேர். அவர் வைத்த உயரத்தை ஒருவரும் மாற்றக்கூடாது. இரவில் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாலும், விடிய வந்து அதே தழும்பில்தான் பூட்ட வேண்டும். எவன் எழுதி வைத்த சட்டமோ தெரியாது, திருகோணமலைக் குடா முழுதுக்கும் இது ஒன்றே வேதம் என்கிற மாதிரித்தான் அவர்கள் நடந்துகொண்டார்கள்.

நிரோஜினிக்கு அந்த வேதம் போதும் போதுமென்று ஆகிவிட்டது. அவளுடைய புருஷன் யதுர்சன் வாங்கியது பழைய இஞ்சின், தண்ணீருக்குள் இறங்குகிற அதன் கால் மற்றவர்களுடையதைவிட நீளம். சிவகுருநாதன் அதைக் கவனிக்கவேயில்லை. ஆழமாக இருந்தால்தான் தண்ணீரைப் பிடிக்கும் என்று சொல்லி, எல்லா வள்ளத்துக்கும் வைக்கிற மாதிரியே வள்ளத்தின் பின்பக்கக் கடையால் பலகையில் அமத்தி இறுக்கிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வள்ளம் மூக்கைத் தூக்கும், தொம்மென்று விழும், மறுபடி தூக்கும். ஒரு வருஷம் அடி வாங்கியதில் யதுர்சனின் முதுகுத் தட்டு விலகிப் போயிற்று. இப்போது கதிரையில் நிமிர்ந்து இருக்கவும் ஏலாமல் பாயில் கிடக்கிறான்.

வள்ளத்தை அவள் எடுத்தாள். அனுமதிப் பத்திரமும் எடுத்தாள். ஆட்களைக் கடல் பார்க்கக் கூட்டிப்போகச் சங்கம் முறை வைத்துத்தான் கொடுக்கும். அவளுடைய முறையில் ஏறிய கொழும்புக் குடும்பம் தொப்பலாய் நனைந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கரையிலேயே சண்டை பிடித்தது. அத்தோடு முறை நின்றது. ஞாயிற்றுக்கிழமை தானே ஏறிப் பார்ப்பதாகத் தலைவர் சொல்லிவிட்டார். அப்போதும் அடித்தால் வள்ளம் இந்தக் கரையில் நிற்காது. புல்மோட்டையிலிருந்து ஒருவன் விலை பேசவும் வந்து போய்விட்டான். வள்ளம் போனால் வீட்டில் அடுப்பெரிய வேறு வழியில்லை.

வள்ளத்தைக் கரையில் இழுத்து வைத்து அடியில் குனிந்து பார்த்தாள் நிரோஜினி. நேரான கம்பொன்றை வள்ளத்தின் அடியோடு ஒட்டிப் பிடித்தாள். இஞ்சின் காலில் விசிறிக்கு மேலே இருக்கிற தட்டு, அந்தக் கம்புக்குக் கீழே ஒரு சாண் தொங்கியது. இவ்வளவு இரும்பும் தண்ணீருக்குள் உழுதுகொண்டு போனால் வள்ளம் அடிக்காமல் என்ன செய்யும்? இதற்கா ஒரு மனுசனின் முதுகைக் கொடுத்தோம்?

திருகைக் கழற்றினாள். பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நாக்கைக் கடித்தார்கள். கடையால் பலகையின் மேல் பாலைமரத் துண்டொன்றை வைத்து, அதன் மேல் இஞ்சினை ஏற்றிப் பூட்டினாள். நேரே ஓடும்போது வள்ளம் பறந்தது. திருப்பினாள், அவ்வளவுதான். விசிறி காற்றைக் குடித்து வீரிட்டது, வள்ளம் நின்ற இடத்திலேயே நின்றது. கரையில் சிரித்த சிரிப்பு மூதூருக்கே கேட்டிருக்கும். கைராசியில் கை வைத்தால் இப்படித்தான் என்றார்கள்.

யதுர்சனும் பாயில் கிடந்தபடி கெஞ்சினான். தலைவர் அண்ணையைப் பகைக்க வேண்டாம், பழைய இடத்திலேயே வைத்துவிடு என்றான்.

"உங்கட முதுகை முறிச்ச இடத்திலயோ? ஏலாது," என்றாள்.

உயரம் கூடிப்போய்விட்டது, அவ்வளவுதானே! துண்டில் இரண்டு விரல் உயரம் சீவினாள். தட்டு இப்போது அடிப்பலகைக்கு ஒரு விரல் கீழே நின்றது. நேரே ஓட்டினாள், வெட்டித் திருப்பினாள், அலையில் ஏற்றி இறக்கினாள். வீரிடவுமில்லை, அடிக்கவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் காற்று நன்றாக எழும்பியிருந்தது. சிவகுருநாதன் வெள்ளைச் சாரம் கட்டிக்கொண்டு வந்து, வள்ளத்தின் முன்பக்கம் அணியத்தில் ஏறி இருந்தார். குடாவின் நடுவரை போய் ஒரு சுற்றுச் சுற்றினாள். சாரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. அவர் இஞ்சினையும் பார்த்தார், அதற்குக் கீழே இருந்த மரத்துண்டையும் பார்த்தார். முகம் கறுத்தது.

"வள்ளம் சரி, தங்கச்சி. முறை தாறன். ஆனா அந்தக் கட்டையை எடுத்துப்போட்டு, நான் வச்ச இடத்தில திரும்ப வையுங்கோ. நாளைக்கு ஆளாளுக்கு இஞ்சினை உயர்த்தத் தொடங்கினா என்ர சொல்லுக்கு என்ன மரியாதை?"

நிரோஜினி இஞ்சினை நிறுத்தினாள். வள்ளம் அலையில் சரிந்து ஆடத் தொடங்கியது. எழும்பிக் கடையாலை விட்டு விலகி, அவருக்கு வழி விட்டாள்.

"வாங்கோ அண்ணை, நீங்களே கழட்டுங்கோ. உங்கட கைதானே ராசியான கை. பழைய இடத்தில வச்சுப்போட்டு, அதே அணியத்தில இருந்து கரைக்கு வாங்கோ. என்ர மனுசன் ஒரு வருஷம் வாங்கின அடியில பத்து நிமிசம் வாங்கிப் பாருங்கோ."

அவர் எழும்பவில்லை. தூரத்தில் வெள்ளை வெள்ளையாய் அலை உடைந்துகொண்டு வந்தது. அவருடைய கை தன்பாட்டில் இடுப்புக்குப் போனது.

"இஞ்சினைப் போடுங்கோ," என்றார்.

"எந்த உயரத்தில?"

"இருக்கிற உயரத்திலயே."

"இதைக் கரையில இறங்கினதும் சொல்லோணும். சொல்லமாட்டியளெண்டா இப்பவே கழட்டுங்கோ."

அவர் சரியென்று தலையை ஆட்டினார். அவள் இஞ்சின் கயிற்றை இழுத்தாள்.

கரையில் சங்கத்துக்காரர் எல்லோரும் கூடி நின்றார்கள். சிவகுருநாதன் சாரத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இறங்கி, மணலைப் பார்த்தபடி, நிரோஜினிக்கு நாளையிலிருந்து முறை உண்டு, இஞ்சின் அவள் வைத்த உயரத்திலேயே இருக்கட்டும் என்று வாய்க்குள் சொல்லிவிட்டு நடக்கப் பார்த்தார்.

நிரோஜினி வள்ளத்தை விட்டு இறங்கவில்லை.

"கேக்கேல்லை அண்ணை," என்றாள்.

அவர் நின்றார். திரும்பினார். இரண்டாம் முறை அவர் சொன்னது கரை முழுதுக்கும் கேட்டது.